மூன்று நிமிடச் சுற்று

மண்ணடியில் இரும்புக் கடையொன்றில் முப்பது ஆண்டுகளாக நாம் கணக்கு எழுதி வருகிறோம். காலை பத்து மணிக்கு அமர்ந்தால் லுஹர்த் தொழுகைக்கு எழுவோம். பின்னர் அஸருக்கு எழுவோம். இவ்விரண்டிற்கும் இடையில் நம் உடலில் அசைந்தவை வலக்கையின் மூன்று விரல்கள் மட்டுமே. பேனா போய்க் கணிப்பொறி வந்தபின் அவை பத்து விரல்களாயின. அதையும் ஒரு முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். இரும்பைச் சுமக்கிறவர்கள் நம் கண்ணெதிரே வியர்வை சொட்ட நடமாட, அந்த இரும்பின் எடையைத் தாளில் சுமந்துகொண்டு நாம் பருத்து வந்தோம்.

ஐம்பதைக் கடந்த ஆண்டில் நீரிழிவு வந்தது. மறு ஆண்டு முழங்கால்கள் முறையிடத் தொடங்கின. பள்ளிவாசலில் வரிசையின் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு தொழுவோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருவதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். ஒரு நாள் நாமும் அந்த நாற்காலி வரிசையில் சேர்ந்தோம். இயலாதவருக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகை அது. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் நெற்றி தரையைத் தொடாத முதல் தொழுகைக்குப் பின் நமக்கு ஏற்பட்ட வெறுமையை எவரிடமும் சொல்ல இயலவில்லை. நம்மைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சுஜூதுக்குப் போய்த் தம்போக்கில் எழுந்துகொண்டிருந்தார்.

மருத்துவர் நடக்கச் சொன்னார். மண்ணடியில் நடப்பது எத்தகைய கலை என்பதை அங்கே கால் வைத்தவர் அறிவர். கைவண்டிக்கும் லாரிக்கும் இடையே உடலைச் செருகி வெளியே எடுப்பதே அங்கு நடை. கடற்கரைச் சாலைக்குச் சென்று நடந்து பார்த்தோம். இரண்டு வாரம் நடந்தோம். மழை வந்தது, விட்டோம். மீண்டும் பத்து நாள் நடந்தோம். உறவில் திருமணம் வந்தது, விட்டோம். நடையின் குறை என்னவென்றால், நாம் வராவிட்டால் கேட்பதற்கு அங்கே ஆளில்லை.

எங்கள் கடையில் சுமை தூக்கும் தொழிலாளர் ஒருவர். அவருடைய மகன் இராயபுரத்தில் குத்துச்சண்டை பழகுகிறான். ஒரு நாள் அவர் நம் வயிற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பையன் போற எடத்துக்கு நீங்களும் வாங்களேன் பாய். அங்க போலீஸ்காரர் ஒருத்தர், வங்கியில வேலை செய்ற அம்மா ஒருத்தங்க, எல்லாரும் ஒடம்புக்குன்னுதான் வர்றாங்க" என்றார். நாம் சிரித்துவிட்டோம். ஆனால் அன்றிரவு சிரிப்பு வரவில்லை. வேறொன்று நினைவிற்கு வந்தது.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலீ சென்னைக்கு வந்தார். அப்போது நமக்குப் பத்து வயது. ஓய்வை அறிவித்துவிட்டிருந்த அவர், நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்பவருடன் காட்சிச் சண்டை ஆடினார். எல்லிஸும் அலீயின் சொந்த ஊராகிய லூயிவில்லைச் சேர்ந்தவரே. ஒரு காலத்தில் உலகப் பட்டமும் பெற்றிருந்தவர். 1971இல் அலீயிடம் தோற்றவர். அந்த அரங்கு இன்றைய அரங்கு அன்று. மூர் மார்க்கெட் எரிந்து போகாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நாள்கள் அவை. நம்மைவிட எட்டு வயது மூத்த காக்கா, வாப்பாவிடம் பாதி உண்மையைச் சொல்லி அனுமதி பெற்று, நம்மைக் கூட்டிச் சென்றார். கூட்டத்தில் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் பிறருடைய முதுகுகளே. காக்கா நம்மைத் தோளில் தூக்கியபோது, வெகுதொலைவில், விளக்கொளியில், பெரிய உடம்பு ஒன்று மிகச் சிறிய அடிகளாக எடுத்து வைத்து நகர்வது தெரிந்தது. கைகள் நினைவில் இல்லை. கால்கள் மட்டும் நினைவில் நின்றன. வீடு திரும்பும்போது வால்டாக்ஸ் சாலையின் நடைபாதையில் காக்கா அந்தக் கால்களை ஆடிக் காட்டிக்கொண்டே வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும், இடமும் வலமும், தரையைத் தொட்டும் தொடாமலும்! அலீயைவிடக் காக்காவே நன்றாக ஆடியதாக அன்று நமக்குத் தோன்றியது.

கண் மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் சோதித்துக்கொண்டு, வீட்டாரின் கேலியையும் வாங்கிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை சுபுஹுத் தொழுகைக்குப் பின் நாம் இராயபுரத்துக்குப் போனோம். தகரக் கூரை போட்ட கொட்டகை அது. நான்கு குத்துப்பைகள், ஒரு பழைய கயிற்று மேடை, சுவரில் ஒரு கடிகாரம், உப்புக் காற்றில் துருவேறிய சன்னல். மாஸ்டர் என்று யாவரும் அழைக்கும் பயிற்சியாளருக்கு நம் வயதுதான் இருக்கும். காது மட்டும் நம் காது போல் இல்லை, அடிபட்டு மடிந்திருந்தது.

வட சென்னையில் இக்கலைக்கு இன்றும் 'ஆங்கிலக் குத்துச்சண்டை' என்றே பெயர். வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமும் மாலுமிகளிடமும் இருந்து துறைமுகத்து மக்களும் மீனவ மக்களும் கற்றுக்கொண்டது அது. கற்றுக்கொண்டதோடு நில்லாமல் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை என்றும் இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றும் பிரிந்து நின்று மோதினார்கள். பரம்பரை என்பது ஈண்டு இரத்த உறவு அன்று, ஆசான் வழி. ஒரு குப்பத்தில் பிறந்தவன் வேறொரு தெருவின் ஆசானிடம் பழகினால் அவன் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவன். 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்திற்குப் பிறகு இவ்வரலாறு வெளியூராருக்கும் தெரிய வந்தது. கொட்டகைகளுக்கும் புதிய கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தில் பாதி மூன்று மாதத்தில் கலைந்துவிட்டது என்றார் மாஸ்டர். கித்தேரி முத்துவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது, பெரியவர் ஒருவர் அறைக்குள் வந்துவிட்டதைப் போல.

முதல் நாள் குத்தவே விடவில்லை. கைகளில் துணிப்பட்டை சுற்றக் கற்றுக்கொடுத்தார். 180 அங்குல நீளமுள்ள பட்டை. கட்டை விரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் முட்டிகளின்மேல் அடுக்கி, விரல்களுக்கிடையே இழுத்து, மீண்டும் மணிக்கட்டில் முடிக்க வேண்டும். கையென்பது சின்னஞ்சிறு எலும்புகளின் மூட்டை. அதைக் கட்டிப் போடாமல் எதையும் குத்தினால் முதலில் உடைவது குத்துகிறவனுடைய கைதான். சுட்டு விரல், நடு விரல் இவற்றின் முட்டிகளே பையைத் தொட வேண்டும். சுண்டு விரலின் அடியெலும்பு முறிவதற்கு மருத்துவர்கள் குத்துச்சண்டைக்காரர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அம்முறிவோடு மருத்துவமனைக்கு வருகிறவர் பெரும்பாலும் குத்துச்சண்டை பழகியவர் அல்லர். கோபத்தில் சுவரைக் குத்தியவர்களே.

பிறகு நிற்கக் கற்றுக்கொடுத்தார். இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே, பின் குதிகால் சற்றே உயர்ந்து, முழங்கால்கள் தளர்ந்து, மோவாய் தாழ்ந்து, இரு கைகளும் கன்னத்தருகே. இப்படியே நிற்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று. நாம் கைகளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் விடை ஒன்றுதான்: "கால் நிக்கலைன்னா கை எதுக்கு பாய்?" குத்து என்பது தோளில் பிறப்பதாகவே நாம் நினைத்திருந்தோம். அது பின்னங்காலின் விரல்களில் பிறக்கிறது. தரையை அழுத்திய விசை இடுப்பின் திருப்பத்தில் ஏறி, தோள் வழியே ஓடி, முட்டியில் வெளிவருகிறது. கை அதை விலாசத்தில் சேர்க்கும் தபால்காரர், அவ்வளவே. குத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முதல் மாதம் முழுவதும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டே குத்தி, ஒரு நிமிடத்தில் கண்ணிருண்டு நின்றோம்.

ஒரு நிமிடம் என்றோம். சுற்றென்பது மூன்று நிமிடம். ஓய்வு ஒரு நிமிடம். இக்கணக்கு 1867இல் இங்கிலாந்தில் வெளியான விதிகளில் இடம்பெற்றது. ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் என்பவர் வகுத்த அவ்விதிகள், குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வழங்குகின்றன. அதற்கு முன் வெறுங்கையால் மோதிக்கொள்வார்கள். ஒருவன் விழுந்தால்தான் சுற்று முடியும். கையுறையும், விழுந்தவன் எழுவதற்குப் பத்து விநாடியும், மூன்று நிமிட அளவும் வந்தபின்னரே இது விளையாட்டாயிற்று. கணக்கெழுதும் நமக்கு இந்த அளவின் அருமை உடனே விளங்கியது. அலுவலகத்தில் மூன்று நிமிடம் என்பது தேநீர் ஆறுவதற்கும் போதாது. பையின் முன் நின்று பாருங்கள். முதல் நிமிடம் நீங்கள் வீரர், இரண்டாம் நிமிடம் கடனாளி, மூன்றாம் நிமிடம் கடிகாரத்தைத் தவிர வேறு நினைவில்லாதவர்.

இடர்களும் இருந்தன. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் கால்கள் நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, உட்கார்ந்துவிட்டோம். சர்க்கரை தாழ்ந்துவிட்டிருந்தது. மாத்திரை உண்போர் வெறும் வயிற்றில் இவ்வளவு உழைக்கலாகாது என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அன்று முதல் பையில் நான்கு பேரீச்சம்பழங்கள் இல்லாமல் நாம் போவதில்லை. காலணியின்றிக் குதிப்பதும் இல்லை. நீரிழிவுக்காரனுக்குக் காற்புண் எத்தகைய பகை என்பது தெரிந்ததே. நோன்பு மாதத்தில் நிறுத்திக்கொண்டோம். பெருநாள் கழிந்து போனபோது, "பிரியாணி தெரியுது பாய்" என்று சொல்லி மாஸ்டர் கூடுதலாக இரண்டு சுற்று தந்தார்.

ஓராண்டு நிறையும்போது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.9இலிருந்து 7.1க்கு வந்திருந்தது. எடை ஒன்பது கிலோ குறைந்தது. இவற்றை மருத்துவர் மெச்சினார். நாம் மெச்சிக்கொண்டது வேறொன்றை. தொடைகளும் இடுப்பும் வலுப்பெற்றதால் முழங்கால்களின் பாரம் இறங்கி, பள்ளிவாசல் நாற்காலியை ஒரு வெள்ளிக்கிழமை நாம் பின்னுக்குத் தள்ளினோம். எழும்போது கையூன்றித்தான் எழுந்தோம். ஆனால் எழுந்தோம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது உடற்பயிற்சிக் கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் எட்டாம் மாதத்தில் நடந்த ஒன்றை மறைத்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது.

அன்று மாஸ்டர், "ஒரு சுற்று மேல ஏறிப் பாக்குறீங்களா?" என்றார். எதிரே கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயதுப் பையன். தலைக்கவசம், பல்காப்பு, 16 அவுன்ஸ் எடையுள்ள தடித்த கையுறைகள். நம்மிடம் மெதுவாக ஆட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவனும் அப்படியே ஆடினான். வயதுக்குத் தந்த மரியாதையில் தன் வலக்கையைச் சற்றே இறக்கியிருந்தான். நம் இடக்கை நம்மைக் கேளாமலே போயிற்று. மூக்கில் பட்டது. கொஞ்சம் இரத்தம் வந்தது. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பையன் பல்காப்புக்கு மேலே சிரித்து, "சூப்பர் பாய்!" என்றான்.

நாம் மகிழ்ந்தோம். வருந்தினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. நெஞ்சு நிறைய மகிழ்ந்தோம். முப்பது ஆண்டுகளாக முதலாளியின் குரலையும் வாடிக்கையாளரின் ஏச்சையும் விழுங்கிக்கொண்டு அமர்ந்திருந்த ஒருவன் உள்ளே எழுந்து நின்று ஆடியதை நாம் கண்டோம். வீட்டுக்கு வந்து பனியனில் தெறித்திருந்த துளியை மனைவி காணுமுன் நாமே ஊறவைத்துக் கசக்கினோம். கசக்கும்போதுதான், மறைக்க வேண்டியிருக்கிறதே என்ற எண்ணம் தோன்றியது.

சண்டையிடும்போதும் முகத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. சிறு வயதில் மத்ரஸாவில் கேட்டதுதான். அங்கே பிள்ளைகளை அடித்த உஸ்தாதுகளும் முதுகிலும் கையிலும் அடித்தார்களே தவிர முகத்தில் கை வைத்ததில்லை. நாம் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதியுடையோர் அல்லர். நம் ஒருவனைப் பொறுத்தவரை, உடல் நலத்துக்காக வந்த இடத்தில் மற்றவன் மகனுடைய மூக்கிலிருந்து இரத்தம் எடுக்க வேண்டிய தேவை ஏதுமில்லை என்பதை உணர அந்த நினைவு போதுமானதாயிருந்தது. மறு வாரம் மாஸ்டரிடம் மேடை வேண்டாம் என்றோம். அவர் சிறிதும் வருந்தவில்லை. "பேக் இருக்கு, பேட் இருக்கு, கயிறு இருக்கு. நீங்க என்ன ஒலிம்பிக்கா போகப் போறீங்க?" என்றார்.

ஆயினும் மேடையில் ஏறும் பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்தக் கொட்டகைப் பையன்களுக்கு இரயில்வேயிலோ காவல்துறையிலோ படையிலோ விளையாட்டு வீரருக்கான ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கக்கூடுமானால் அதற்கு வழி அந்த மேடைதான். நிஜாமாபாத்தில் பிறந்த நிகத் ஜரீன் என்ற பெண் 2022இலும் 2023இலும் உலகப் பட்டம் வென்றபோது நம் வீட்டிலும் மகள்கள் கை தட்டினார்கள், நாமும் தட்டினோம். முரண்பாடுதான். மனத்தில் உள்ளதை உள்ளபடியே சொல்கிறோம்.

இந்நிலையில்தான் காக்காவின் கை நடுங்கத் தொடங்கியது.

கைலிக் கடையில் துணியை விரித்துக் காட்டும்போது வலக்கை விரல்கள் பீடி சுருட்டுவதைப் போல அசைந்தன. அவர் கையெழுத்துச் சிறுத்துக்கொண்டே போயிற்று; குரல் தாழ்ந்தது; முகத்தில் சிரிப்பு வர நேரமாயிற்று. வாசற்படிக்கு வந்தால் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்றார். மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் மடிந்து போவதால் அசைவுகள் ஆணையை மறந்துவிடுகின்றன. மருந்து உண்டு; மடிந்த அணுக்களை மீட்கும் மருந்து இல்லை. வெளியே வந்ததும் காக்கா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அவருக்கு வந்த நோயாடா எனக்கு?"

அவர் யாரைச் சொன்னார் என்பது நமக்குத் தெரியும். 1984இல் அலீக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 61 சண்டைகள் ஆடியவர் அவர். அந்த அடிகளே நோய்க்குக் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். ஆனால் தலையில் பலகாலம் விழும் அடிகள் மூளைக்குக் கேடு என்பதில் இன்று ஐயமில்லை. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை அவர் நடுங்கும் கையால் ஏற்றியதைத் தொலைக்காட்சியில் நாங்கள் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். பாதியில் காக்கா எழுந்து வெளியே போய்விட்டார். 2016இல் அலீ மறைந்தபோதும் அவர் அதைப் பற்றி எம்மிடம் பேசவில்லை. வாழ்நாளில் ஒருவர் முகத்திலும் அடிக்காத, ஒருவராலும் அடிபடாத கைலி வியாபாரிக்கும் அதே நோய் வந்தது.

மருத்துவரே ஒரு செய்தி சொன்னார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், இளவயதிலேயே இந்நோய்க்கு ஆளான ஸ்காட் நியூமன் என்ற அரசு வழக்கறிஞர், 2006இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்றே ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம் தொடங்கினார். 'ராக் ஸ்டெடி பாக்ஸிங்' என்று அதற்குப் பெயர். யாரும் யாரையும் அடிப்பதில்லை. பையைக் குத்துவது, அடியெடுத்து வைப்பது, உடலைத் திருப்புவது, உரக்க எண்ணுவது ஆகியவையே பயிற்சி. நோய் எவற்றைப் பறிக்கிறதோ அவற்றையே குறிவைத்து ஏவும் வேலை. நோய் இதனால் தீராது; நடையும் நிலையும் சிலருக்கு மேம்படுகின்றன. "உங்கள் தம்பி போகும் இடத்தில் இடம் கொடுப்பார்களா?" என்று மருத்துவர் காக்காவைக் கேட்டார்.

காக்கா நம்மைப் பார்த்தார். இத்தனை காலமும் நம்மைக் கேலி செய்துகொண்டிருந்தவர் அவர்.

இரண்டு வாரம் கழித்து ஆட்டோவில் அழைத்துப் போனோம். கொட்டகை வாசலில் கால்கள் வழக்கம்போல் நின்றுவிட்டன. நாம் கையைப் பிடித்து இழுக்கப் போனோம். மாஸ்டர் தடுத்தார். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து வந்து, அடி பழக்குவதற்குப் பையன்களுக்குப் போடும் கோடுகளைக் காக்காவின் காலருகிலிருந்து பை வரைக்கும் தரையில் குறுக்காகப் போட்டார். "பெரிய பாய், நடக்காதீங்க. கோட்டைத் தாண்டுங்க" என்றார். வெறுந்தரையில் ஒட்டிக்கொள்ளும் கால், கோட்டைக் கண்டால் தாண்டிவிடும் என்பதை மருத்துவரும் சொல்லியிருந்தார். இவர் எங்கே கற்றார் என்று நாம் கேட்கவில்லை. காக்கா தாண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

நாம் அவருடைய கைகளில் பட்டை சுற்றினோம். நடுங்கும் கைக்குப் பட்டை சுற்றுவது எளிதன்று. 1980இல் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் நம்மை இறுகப் பிடித்திருந்த கை அது. பை ஆடாமலிருக்க அதன் பின்னால் நின்று நாம் அணைத்துக்கொண்டோம். மணி அடித்தது. முதல் குத்து பையை உரசிக்கொண்டு போயிற்று. இரண்டாவது பட்டது, நம் தோளில் சிறு தட்டுப் போல வந்து சேர்ந்தது. "எண்ணுங்க, சத்தமா எண்ணுங்க" என்று மாஸ்டர் கத்தினார். காக்காவின் குரல் முதலில் நமக்கே கேட்கவில்லை. ஆறு, ஏழு என்னும்போது அடுத்த பையில் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். பதினொன்றைத் தாண்டியபோது கால்கள் தாமாகவே சிறிது இடம் மாறின. கோடு இல்லாத பக்கம்.

ஒரு நிமிடத்திலேயே நிறுத்தச் சொன்னார் மாஸ்டர்; முதல் நாளுக்கு அது போதும் என்றார். காக்கா மேசை ஓரத்தில் அமர்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். பட்டையை அவிழ்க்க நாம் குனிந்தபோது கையை இழுத்துக்கொண்டார். தாமே அவிழ்ப்பதாகச் சொன்னார். 180 அங்குலமும் அவிழ ஏறத்தாழ கால் மணி நேரம் ஆயிற்று. அன்று நாம் கடைக்குத் தாமதமாகத்தான் போனோம்.